பார்வையில்லாதவங்க காலேஜ்ல தமிழ், இங்கிலீஷ் பேப்பர் படிக்க லேப்டாப்பை ரெடி பண்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

நம்ம ஊர் காலேஜ்ல எந்த மெயின் எடுத்தாலும் பார்ட் ஒன் தமிழும் பார்ட் டூ இங்கிலீஷும் நம்மளை விடாது. ஹிஸ்டரி எடுத்தவனும் புணர்ச்சி விதி எழுதித்தான் ஆகணும். பார்வையில்லாத பசங்கள்ல மெயின்ல எழுபது வாங்கிட்டு தமிழ்ல அரியர் வெச்சவங்களை நிறைய பாத்திருக்கேன், முதல் செமஸ்டர்ல நானே அந்த லிஸ்ட்லதான் இருந்தேன்.

காரணம் ஒண்ணுதான். ஹிஸ்டரியை காதால கேட்டா விஷயம் உள்ள போயிடும், மொழிப் பாடத்துல எழுத்தே பாடம். அறம், அரம் ரெண்டும் என் காதுக்கு ஒண்ணுதான், பேப்பர் திருத்துறவருக்கு இல்ல. அதனால கீழ சொல்ற எல்லாமே ஒரே வேலைக்காகத்தான்: சத்தத்தோட நிக்காம எழுத்து வரைக்கும் போய்ச் சேர்றது.

இது விண்டோஸ் லேப்டாப், ஆண்ட்ராய்டு போன் வெச்சிருக்கிற, திரையைப் பாக்க முடியாத மாணவர்களுக்காக எழுதினது. காது கேட்காதவங்களுக்கும், கை ஒத்துழைக்காதவங்களுக்கும் தேவை வேற, அதை இதுலயே திணிச்சா ரெண்டு பேருக்கும் உபயோகப்படாது.

வரிசையை மாத்தாதீங்க. புதுசா வர்ற எல்லாரும் முதல்ல நல்ல குரல் எங்க கிடைக்கும்னு தேடி ஒரு மாசம் ஓட்டிடுவாங்க, அப்புறம் பாத்தா படிக்க ஒரு ஒழுங்கான ஃபைல் கூட கையில இருக்காது.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை), மாற்றுத்திறனாளி சான்றிதழ், ரெண்டுக்கும் ஜெராக்ஸ் அஞ்சாறு செட், போன்ல ஒரு பிடிஎஃப். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் இட ஒதுக்கீடு மாதிரி பல விஷயம் கிடைக்கும், அதனால எந்த லெட்டர் கொடுத்தாலும் ஆபீஸ்ல முதல்ல கேக்கிறது இதைத்தான். இது இல்லாம போய் நின்னா "நாளைக்கு வாப்பா"ன்னு அனுப்பிடுவாங்க.

லேப்டாப் விண்டோஸ் 10 இல்லேன்னா 11. கூடவே நம்பர் பேட் இருக்கிற ஒரு சாதா யூஎஸ்பி கீபோர்டு வாங்கிக்கோங்க. எழுத்தெழுத்தா படிக்கிறதுக்கு அந்த நம்பர் பேட் ரொம்ப வசதி, ஏன்னு ஆறாவது ஸ்டெப்ல தெரியும்.

ஹெட்போன் வயர் வெச்சதா இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தூங்கிடும், மறுபடி சத்தம் வரும்போது முதல் அசையை முழுங்கிடும். பாட்டு கேக்கும்போது இது தெரியாது. ஒத்தை எழுத்தைக் கேக்கும்போது அந்த எழுத்தே காணாமப் போயிடும்.

அப்புறம் ஒரு கூகுள் அக்கவுண்ட், உங்க செமஸ்டர் சிலபஸ். சிலபஸ் இல்லாம புத்தகம் தேட ஆரம்பிக்காதீங்க, போன வருஷ செய்யுள் திரட்டை முழுசா ஸ்கேன் பண்ணி முடிச்சப்புறம் பாடத்தையே மாத்திட்டாங்கன்னு தெரிஞ்சு உக்காந்தவன் எனக்குத் தெரிஞ்சே இருக்கான்.

2. சாஃப்ட் காப்பியை முதல் வாரத்துலயே கேளுங்க

பார்ட் ஒன் தமிழ் புத்தகத்தைப் பல இடத்துல பல்கலைக்கழகமோ காலேஜோ தானே தொகுத்து அச்சடிக்கும். அப்படின்னா அதை டைப் பண்ண ஒருத்தர் எங்கேயோ இருக்கார், அவர்கிட்ட ஒரு ஃபைலும் இருக்கு. துறைத் தலைவர் வழியா ஒரு லெட்டர் கொடுத்து அந்த ஃபைலை வாங்குங்க. அந்த ஒத்தை ஃபைல் கிடைச்சா நாலாவது ஸ்டெப்பே வேண்டாம், ஒரு மாச வேலை மிச்சம்.

கேக்கும்போது "வேர்டு ஃபைலா வேணும்"னு எழுதியே கேளுங்க, பிடிஎஃப் வேண்டாம். தமிழ் பிடிஎஃப் பார்வைக்கு அழகா இருக்கும், உள்ள எழுத்து வரிசை குலைஞ்சிருக்கும். கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம்னு கிடக்கும். கண்ணால பாக்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, அதனால "நல்லாத்தானே இருக்கு"ன்னு நம்மளையே திருப்பிக் கேப்பாங்க.

காப்பிரைட்னு சொல்லி தரமாட்டேன்னா கோவப்படாம எடுத்துச் சொல்லுங்க. 2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்தினாங்க, அதுல பிரிவு 52ல மாற்றுத்திறனாளிங்க படிக்கிற வடிவத்துக்கு மாத்திக்கிறதுக்கு விலக்கு இருக்கு. ஒரு ஆபீஸ்ல என்னை மூணு வாரம் இதே பேச்சுல இழுத்தடிச்சாங்க, கடைசியில பிரிவு நம்பரை லெட்டர்லயே எழுதிக் கொடுத்தேன், அன்னைக்கு சாயங்காலமே ஃபைல் மெயில்ல வந்துச்சு. அதுல இருந்து முதல் லெட்டர்லயே நம்பரைப் போட்டுடறது.

இங்கிலீஷ் பேப்பருக்கு நாவல், நாடகம் எல்லாம் சுகம்ய புஸ்தகாலயால தேடிப் பாருங்க. அச்சு படிக்க முடியாதவங்களுக்காக 2016ல ஆரம்பிச்ச ஆன்லைன் நூலகம் அது. மெம்பர் ஆகுறதுக்கு சான்றிதழ் வேணும், சரிபாக்க நாள் எடுக்கும், அதனால இன்னைக்கே பதிஞ்சு வெச்சிடுங்க, தேவைப்படும்போது பதிஞ்சுக்கலாம்னு விட்டா பரீட்சை வந்துடும்.

3. வந்த ஃபைல் எந்த ஜாதின்னு பாருங்க

எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான். தமிழ் ஃபைல் மூணு வகையா வரும்: யூனிகோடு (எல்லா மெஷினும் தமிழ்னு புரிஞ்சுக்கிற பொது எழுத்து முறை), பழைய ஃபான்ட், வெறும் படம்.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். என்விடிஏவை (திரையில இருக்கிறதை சத்தமா படிக்கிற ஸ்கிரீன் ரீடர் சாஃப்ட்வேர்) ஓட விட்டு, ஃபைலைத் திறந்து வலது அம்புக்குறியால ஒவ்வொரு எழுத்தா நகருங்க. தமிழ் எழுத்தா சொன்னா யூனிகோடு, பிரச்சனை இல்ல. சத்தமே வரல, இல்ல பக்கம் காலின்னு வந்தா படம்.

மிச்சம் இருக்கிற பழைய ஃபான்ட் வகைதான் வேடிக்கை. போன வருஷம் ஒரு தம்பி போன் பண்ணி, "அண்ணா, சார் தப்பான ஃபைல் அனுப்பிட்டாரு, இங்கிலீஷ்ல என்னமோ கெட்ட வார்த்தை மாதிரி வருது"ன்னான். எழுத்தெழுத்தா படிச்சுக் காட்டச் சொன்னேன். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" அப்படின்னான். அது பாமினி ஃபான்ட், அந்த அஞ்சு கீயும் சேர்ந்தா 'தமிழ்'. உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் சட்டை போட்டிருக்கு, அவ்வளவுதான். ஸ்கிரீன் ரீடர் சட்டையைப் பாக்காது. இன்னும் சில பழைய ஃபான்ட்ல ஆக்சென்ட் போட்ட எழுத்து, பவுண்ட் குறின்னு கன்னாபின்னான்னு வரும், கதை அதேதான்.

இதை மாத்த என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச கருவி இருக்கு. பாமினி, டாப், டாம், டிஸ்கி எல்லாத்தையும் யூனிகோடாக்கும். எந்த என்கோடிங்னு தெரியலன்னா ஒரு வரியை மட்டும் எடுத்து ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க, எதுல புரியுற தமிழ் வருதோ அதுதான். முழு ஃபைலையும் போட்டுட்டு அப்புறம் தேடாதீங்க.

கவனிக்க வேண்டியது: பாமினி மாதிரி இங்கிலீஷ் எழுத்து மேல ஏறி உக்காந்த ஃபான்ட்ல, நடுவுல வர்ற நிஜமான இங்கிலீஷ் வார்த்தையும் சேர்ந்து தமிழ் குப்பையா மாறிடும். அதனால மூல ஃபைலை அழிக்காதீங்க.

யூனிகோடாவே வந்தாலும் ஒரு இடம் உதைக்கும். 'ஔ'வை டைப் பண்ணத் தெரியாதவங்க 'ஒ' போட்டு பக்கத்துல 'ள' போட்டுடுவாங்க. பாக்க ஒரே மாதிரி இருக்குமாம். நமக்கு "ஒளவையார்"னு ஒளி வீசிட்டு வருவாங்க. கண்ட்ரோல் எச் போட்டு மொத்தமா மாத்துங்க, ஆனா 'ஒளி', 'ஒளிவு' மாதிரி நிஜமான 'ஒள' மாட்டிக்காம பாத்துப் பாத்து மாத்துங்க.

4. படமா இருந்தா எழுத்தாக்குறது

என்விடிஏல இன்சர்ட் கூட ஆர் தட்டினா விண்டோஸ் ஓசிஆர், அதாவது படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற வசதி, ஓடும். இங்கிலீஷ் பக்கத்துக்கு அது போதும். தமிழுக்கு அது ஆகாது, அதுல மல்லுக்கட்டாதீங்க.

தமிழுக்கு எனக்கு ஒத்து வந்தது கூகுள் டிரைவ். பிடிஎஃபை டிரைவ்ல ஏத்தி, அதுமேல நின்னு ஷிஃப்ட் எஃப்10 தட்டி, கூகுள் டாக்ஸ்ல திறங்கன்னு கொடுத்தா எழுத்தா மாத்திக் கொடுக்கும். பெரிய ஃபைல் போட்டா பாதியில விட்டுடும், அதுவும் சொல்லாம விட்டுடும், அதுதான் ஆபத்து. நான் பத்துப் பத்து பக்கமா வெட்டித்தான் போடுவேன். முடிஞ்சதும் கடைசிப் பக்கத்தோட கடைசி வரி இருக்கான்னு முதல்ல பாப்பேன்.

ஸ்கேன் பண்றவங்ககிட்ட மூணு விஷயம் சொல்லிடுங்க. 300 டிபிஐ வெக்கணும். புத்தகத்தை விரிச்சு ரெண்டு பக்கத்தையும் ஒரே படமா எடுக்கக் கூடாது, எடுத்தா இடது பக்க வரி பாதியில வலது பக்கத்துக்குத் தாவிடும். தாள் கோணாம இருக்கணும். நண்பன் போன்ல எடுத்த போட்டோன்னா மூணாவது விஷயம் நடக்கவே நடக்காது, அதனால கேன்டீன் டீக்கு ஆகுற காசை ஜெராக்ஸ் கடை ஸ்கேனுக்குக் கொடுங்க.

லைப்ரரில இருந்து எடுத்த புத்தகம் 1978க்கு முந்தினதுன்னா பொறுமையா இருங்க. அந்த வருஷம் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி லை, ணை, றா, னா எல்லாம் அச்சுல வேற வடிவம், ஓசிஆர் அங்கெல்லாம் உளறும். மறுபதிப்பு கிடைச்சா அதையே எடுத்துடுங்க.

அப்புறம் துப்புரவு வேலை. ஓசிஆர் அடிக்கடி பண்ற தப்பு ஒரு சிலதுதான்: துணைக்காலை 'ர'ன்னு எடுத்துக்கும், புள்ளியை விட்டுடும், பக்க எண்ணையும் பக்கத் தலைப்பையும் பாட்டு வரிக்கு நடுவுல சொருகிடும். உரைநடைன்னா இதைக் கண்டுக்காம கடந்துடலாம். செய்யுள்னா விடக்கூடாது, ஒரு புள்ளி போனா அசையே மாறிடும். அதனால பாட்டுப் பகுதியை மட்டும், பார்வை உள்ள ஃப்ரெண்டு ஒருத்தரை உக்கார வெச்சு வரிக்கு வரி சரிபாத்துடுங்க. ஒரு செமஸ்டருக்கு இருபது, முப்பது பக்கம்தான் வரும், ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

5. என்விடிஏ, குரல், ரெண்டு புரொஃபைல்

ஃபைல் சுத்தமானப்புறம்தான் இந்த செட்டிங்ஸ் வேலை. என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியால பார்வையில்லாத ரெண்டு பேர் சேர்ந்து வளர்த்தது, அதனால தேவை தெரிஞ்சு பண்ணியிருக்காங்க. காசு கொடுத்து வேற வாங்கணுமான்னு கேக்கிறவங்களுக்கு: மொழிப் பாடத்துக்கு வேண்டாம்.

காசு கொடுக்காம கிடைக்கிற தமிழ்க் குரல்ல ரெண்டைச் சொல்றேன். ஒண்ணு என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக். ரோபோ மாதிரி இருக்கும், ஆனா எவ்வளவு வேகம் வெச்சாலும் எழுத்தை முழுங்காது. இன்னொண்ணு விண்டோஸோட வள்ளுவர் குரல், செட்டிங்ஸ்ல மொழிப் பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்து, அதுல பேச்சுக் குரலையும் டவுன்லோடு பண்ணினா வரும். அப்புறம் என்விடிஏல இன்சர்ட் கண்ட்ரோல் எஸ் தட்டி ஒன்கோர் குரல்னு மாத்திக்கலாம்.

புதுசா வர்றவங்க வள்ளுவரைக் கேட்டதும் ஈஸ்பீக்கை தூக்கிப் போட்டுடுவாங்க. போடாதீங்க. கதை, கட்டுரை கேக்க வள்ளுவர் சுகம், எழுத்துப் பாக்கவும் பரீட்சைக்கும் ஈஸ்பீக். பரீட்சைக்கு ஏன்னு கடைசியில சொல்றேன்.

இப்ப முக்கியமான வேலை. இன்சர்ட் கண்ட்ரோல் பி தட்டினா புரொஃபைல் பெட்டி வரும், குரல், வேகம் மாதிரி செட்டிங்ஸை ஒரு பேர்ல மொத்தமா சேமிச்சு வெக்கிறதுதான் புரொஃபைல். தமிழ்னு ஒண்ணு, இங்கிலீஷ்னு ஒண்ணு உருவாக்குங்க. தமிழ் புரொஃபைல்ல ஈஸ்பீக் தமிழ், வேகம் கொஞ்சம் கம்மி. இங்கிலீஷ் புரொஃபைல்ல உங்களுக்குப் பழகின இங்கிலீஷ் குரல், நிறுத்தக்குறி அளவு கூடுதல். ரெண்டுக்கும் இன்புட் ஜெஸ்சர்ஸ்ல ஒரு ஷார்ட்கட் கொடுத்துடுங்க.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? ஒரே குரல்ல ரெண்டையும் ஓட்டினா இங்கிலீஷ் கவிதை தமிழ் உச்சரிப்புல வரும், இல்ல தமிழ் வரியை இங்கிலீஷ் குரல் கடிச்சுத் துப்பும். தானா மொழி மாத்துற வசதி இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா ஃபைல்ல இது தமிழ், இது இங்கிலீஷ்னு யாராவது குறிச்சு வெச்சிருந்தாத்தான் அது ஒழுங்கா மாறும், நமக்கு வர்ற ஃபைல்ல யாரும் குறிக்கிறது இல்ல.

6. எழுத்தெழுத்தா படிக்கப் பழகுங்க

இந்த ஸ்டெப்பை விட்டுட்டா மேல சொன்ன அத்தனையும் வெறும் ரேடியோ.

நம்பர் பேட்ல நம்பர் லாக்கை ஆஃப் பண்ணிட்டு: 7, 8, 9 வரி. 4, 5, 6 வார்த்தை. 1, 2, 3 எழுத்து. நடுவுல இருக்கிறது இப்ப நிக்கிற இடம், இடது முந்தினது, வலது அடுத்தது. 5ஐ ரெண்டு தடவை தட்டினா வார்த்தையை எழுத்துக் கூட்டிச் சொல்லும். நம்பர் பேட் இல்லாத லேப்டாப்ல அந்த 5க்குப் பதிலா கேப்ஸ்லாக் கண்ட்ரோல் முற்றுப்புள்ளி, என்விடிஏ கீயா கேப்ஸ்லாக்கையும் லேஅவுட்டா லேப்டாப்பையும் முன்னாடியே வெச்சிருக்கணும்.

இப்ப சிக்கல் என்னன்னா, எழுத்துக் கூட்டினாலும் ர, ற ரெண்டும் "ர"ன்னுதான் காதுல விழும். ந, ன அதே மாதிரி. இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. எழுத்து மேல நின்னு நம்பர் பேட் 2ஐ வேகமா மூணு தடவை தட்டுங்க, அந்த எழுத்தோட யூனிகோடு எண்ணைச் சொல்லும். ர 2992, ற 2993. ல 2994, ள 2995, ழ 2996. ண 2979, ந 2984, ன 2985. எட்டே எண், பஸ் நம்பர் மாதிரி மனசுல நின்னுடும். முதல்ல ஒரு காலி ஃபைல்ல இந்த எட்டு எழுத்தையும் தனித்தனியா அடிச்சு வெச்சுப் பழகுங்க, உயிர்மெய் மேல நின்னு ஆரம்பிச்சா குழம்பும்.

எப்படிப் பயிற்சி பண்றதுன்னா, தினம் பாடத்துல இருந்து பத்து வார்த்தை எடுங்க. கேட்டதும் எந்த ர, எந்த ன வரும்னு முதல்ல நீங்களே சொல்லுங்க, அப்புறம் தட்டிப் பாருங்க. கரை, கறை. மரம், மறம். வாழை, வாளை. நான் சேர்ந்த புதுசுல ஒரு முழு கட்டுரைல வாழைத் தோட்டத்தை வாளைத் தோட்டம்னே எழுதி வெச்சிருந்தேன். வாளை மீன் தோட்டத்துல எப்படி வளருதுன்னு அம்மா, அதாவது எங்க தமிழ் மேடம், கிளாஸ்லயே கேட்டாங்க.

அடுத்தது சந்தி ஒற்று. 'தமிழ்ப் பாடம்'ல வர்ற அந்த 'ப்' குரல்ல கிட்டத்தட்ட கேக்காது, ஆனா வல்லினம் மிகும் இடம்னு ரெண்டு மார்க் கேள்வி அதுலதான் வரும். அதனால க, ச, த, ப-ல ஆரம்பிக்கிற வார்த்தை வந்தா முந்தின வார்த்தையோட கடைசி எழுத்தை ஒரு தட்டு தட்டிப் பாக்கிறது பழக்கமாகணும்.

இங்கிலீஷ்ல இவ்வளவு கஷ்டம் இல்ல. நம்பர் பேட் 2ஐ ரெண்டு தடவை தட்டினா ஆல்ஃபா, பிராவோன்னு சொல்லும், பி, டி குழப்பம் தீரும். இன்சர்ட் பி தட்டி நிறுத்தக்குறி அளவை ஏத்திக்கோங்க, கவிதையில கமாவும் செமிகோலனும் எங்க வருதுன்னு தெரியாம விளக்கம் எழுத முடியாது.

பிரெயில் தெரிஞ்சவங்க அதை விட்டுடாதீங்க. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில்ல ர, ற, ல, ள, ழ எல்லாத்துக்கும் தனித்தனி புள்ளி, விரலுக்கு சந்தேகமே வராது. ஆர்பிட் ரீடர் மாதிரி ஒரு பிரெயில் டிஸ்ப்ளே காலேஜ் வாங்கிக் கொடுத்தா என்விடிஏல தமிழ் பிரெயில் அட்டவணையை வெச்சு ஓட்டலாம். என்னைக் கேட்டா எழுத்துப் பிழையே இல்லாம எழுதுற பார்வையில்லாத ஆட்கள்ல பாதிக்கு மேல பிரெயில் படிச்சவங்கதான், ஆடியோ மட்டும் கேட்டு வளர்ந்த எங்க பேட்ச்தான் திணறுச்சு.

7. தமிழ்99ல டைப் பண்ணுங்க

விண்டோஸ்லயே தமிழ்99 கீபோர்டு இருக்கு, மொழி செட்டிங்ஸ்ல தமிழுக்குள்ள போய் சேர்த்துட்டு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் தட்டி மாத்திக்கலாம்.

இங்கிலீஷ் உச்சரிப்புல அடிக்கிறது ஈஸியாச்சேன்னு சண்டைக்கு வருவாங்க. எனக்கு ஒத்துக்காது, காரணம் இதுதான்: அதுல ல, ளவுக்கு ஒரே கீ, ஷிஃப்ட் மட்டும் வித்தியாசம், சந்தேகம் வந்தா ஏதோ ஒண்ணைத் தட்டிட்டுப் போயிடுவோம். தமிழ்99ல ல என் கீயில, ள ஒய் கீயில, ழ ஸ்லாஷ் கீயில. ர எம்ல, ற யூல. ன ஐல, ண பியில, ந செமிகோலன்ல. காது பிரிக்காததை விரல் பிரிச்சுடும். ரெண்டு மாசத்துல 'வாழை'ன்னா கை தானா ஸ்லாஷுக்குப் போகும்.

கீபோர்டுல எஃப், ஜே மேல சின்ன மேடு இருக்கும்ல, அதுல விரலை வெச்சுக்கோங்க. எஃப் புள்ளி, ஜே ப. இடது கை வரிசை ஏ, எஸ், டி: அ, இ, உ. வலது கை எச்ல க, கேல ம, எல்ல த. உயிர் முழுக்க இடது கை, மெய்யில பெரும்பாலும் வலது கை. முதல் வாரம் இந்த நடு வரிசை மட்டும் போதும்.

'தமிழ்' அடிக்க எல், கே, எஸ், ஸ்லாஷ், எஃப். 'அம்மா'ன்னா ஏ, கே, கே, கியூ, நடுவுல புள்ளி தானா விழும். விழலன்னா எஃப் தட்டிக்கோங்க.

திருத்தும்போது ஒரு விஷயம். 'கி' அடிச்சுட்டு பேக்ஸ்பேஸ் ஒரு தடவை தட்டினா கொக்கி மட்டும் போகும், 'க' நிக்கும். முன்னாடி நின்னு டெலிட் தட்டினா முழு எழுத்தும் போயிடும். இது தெரியாம எழுத்தை மறுபடி அடிச்சு 'ககி' 'ககு'ன்னு அசைன்மென்ட் கொடுத்தவங்க இருக்காங்க. அடிச்சு முடிச்சதும் அந்த வார்த்தையை ஒரு தடவை கூட்டிக் கேட்டுட்டு நகருங்க.

வாய்ஸ் டைப்பிங் வேண்டாமான்னா, முதல் ரெண்டு செமஸ்டர் தமிழுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். அது எழுத்தை தானே தேர்ந்தெடுத்துடும், நீங்க கத்துக்க மாட்டீங்க. கை வராதவங்களுக்கு அதுதான் பேனா, அது வேற விஷயம்.

8. நோட்ஸ் எழுதுற விதம்

வேர்டுல தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுங்க. ஆல்ட் கண்ட்ரோல் 1 தட்டினா முதல் நிலைத் தலைப்பு. போல்டு போட்டு விட்டுடாதீங்க, அது கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு. நிஜ ஹெடிங்னா இன்சர்ட் எஃப்7 தட்டினதும் லிஸ்டா வரும், பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாப்பது பக்கத்துல வேண்டிய பாட்டுக்கு நேரா போயிடலாம்.

செய்யுளை எப்பவும் மூணு தடவை எழுதி வெப்பேன். முதல்ல அடி பிரிச்ச மூலம், அடுத்து சந்தி பிரிச்சது, அப்புறம் அசை பிரிச்சு நேர், நிரைன்னு குறிச்சது. ஒரு அடி ஒரு வரி, ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் நடுவுல கமா. கமா எதுக்குன்னா குரல் அங்க மூச்சு விடும், சீர் எங்க முடியுதுன்னு கேட்டே தெரிஞ்சுக்கலாம்.

9. பரீட்சைக்கு ரெண்டு வழி, ரெண்டுக்கும் ஒத்திகை வேணும்

மத்திய அரசு 2018ல கொடுத்த வழிகாட்டுதல்ல, ஸ்கிரைப் (நாம சொல்லச் சொல்ல எழுதுறவர்) வெச்சு எழுதினா மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் நேரம்னு இருந்துச்சு, அதாவது மூணு மணி நேரப் பேப்பருக்கு ஒரு மணி நேரம். பிரெயில், கம்ப்யூட்டர்னு எழுதுற முறையைத் தேர்ந்தெடுக்கவும் அதுல இடம் இருந்துச்சு. ஆனா ஸ்கிரைப் யார் ஏற்பாடு பண்றது, அவர் என்ன படிச்சிருக்கணும்ங்கிற விதி அப்பப்ப மாறும், அதனால சீனியர் சொன்னதை நம்பாம தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துல இப்போதைய சுற்றறிக்கையைக் கேட்டு வாங்குங்க. ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல போனா லேட்டு, ஃபீஸ் கட்டும்போதே கேளுங்க.

ஸ்கிரைப்னா: மொழிப் பேப்பர்ல அவர் எழுத்துப் பிழை உங்க மார்க். தமிழை மறந்து போன ஒருத்தர் வந்து உக்காந்தா நீங்க சொன்ன அறம் அரமாகிடும். அதனால முன்னாடியே அவரோட ஒரு மணி நேரம் உக்காந்து பேசி வெச்சுக்கோங்க: சின்ன ர, பெரிய ற, மூணு சுழி ண, ரெண்டு சுழி ன, பொது ள, சிறப்பு ழ. பரீட்சைல சந்தேகமான வார்த்தை வந்தா நிறுத்தி எழுத்தைச் சொல்லுங்க, பக்கம் முடிஞ்சதும் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் இதுக்கே போயிடும், அதனால வேற கணக்குல அதைச் சேர்க்காதீங்க.

கம்ப்யூட்டர்னா: அதே 2018 வழிகாட்டுதல்ல ஒரு நாள் முன்னாடியே மெஷினை சோதிச்சுப் பாக்கலாம்னு இருந்துச்சு, இப்போதைய சுற்றறிக்கையில என்ன இருக்குன்னு பாத்துட்டு லெட்டர்ல குறிப்பிட்டுக் கேளுங்க. உங்க சொந்த லேப்டாப்பை உள்ள விட மாட்டாங்க. என்விடிஏ மெனுல டூல்ஸ்குள்ள போர்ட்டபிள் காப்பி உருவாக்குற வசதி இருக்கு, அதை ஒரு பென்டிரைவ்ல போட்டுக்கோங்க, உருவாக்கும்போது இப்போதைய செட்டிங்ஸையும் காப்பி பண்ணுங்கிற பெட்டியை டிக் பண்ணினா உங்க ரெண்டு புரொஃபைலும் அதுலயே வந்துடும். பென்டிரைவ்ல வேற எந்த ஃபைலும் இருக்கக் கூடாது, கண்காணிப்பாளர் திறந்து பாப்பார், நோட்ஸ் கிடந்தா வம்பு.

ஈஸ்பீக்ல பழகுங்கன்னு சொன்னது இதுக்குத்தான். போர்ட்டபிள் காப்பியோட ஈஸ்பீக் வரும், வள்ளுவர் வர மாட்டார், அவர் விண்டோஸ்ல இன்ஸ்டால் ஆனவர். பரீட்சை அன்னைக்கு முதல் தடவையா ஈஸ்பீக் தமிழைக் கேட்டா கேள்வியைப் புரிஞ்சுக்கவே அரை மணி நேரம் ஆகும்.

முந்தின நாள் சோதிக்கும்போது பாக்க வேண்டியது: அந்த மெஷின்ல தமிழ்99 சேர்த்திருக்கா, விண்டோஸ் ஸ்பேஸ் தட்டினா மாறுதா, கேள்வித்தாள் யூனிகோடுல வருதா. கடைசியா சொன்னதை மறந்துடாதீங்க. கேள்வித்தாளையும் யாரோ ஒருத்தர் பாமினில அடிச்சு வெச்சிருப்பார். ஒரு மாதிரித் தாளைத் திறந்து காட்டச் சொல்லி, முதல் வரியில நாலு எழுத்தை வலது அம்புக்குறியால நகர்ந்து கேட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.